மாமியை மிஸ் ஆக்கிய கதை

சரியான ஆங்கிலம் சொல்லிக் கொடுத்து ஒரு பெண்ணின் பதவி உயர்வைக் கெடுத்தவன் நான். நான் கொடுத்த சொற்களில் ஒன்றுகூடப் பிழையில்லை. அதுதான் கேவலம்.

அவள் கிண்ணியாவிலிருந்து பஸ்ஸில் வந்து, துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு மீன் கம்பனியில் வேலை செய்தவள். மீன் வெட்டும் மேசையிலிருந்து அவளை எடுத்து, மூன்று மாதத் தவணையில் சுப்பர்வைசராகப் போட்டிருந்தார்கள். சரிவந்தால் பதவி நிரந்தரம். இல்லாவிட்டால் திரும்பவும் மேசை. மனேஜர் கொழும்பிலிருந்து வந்தவர், தமிழ் தெரியாது. காலைக் கூட்டத்தில் அவரோடு ஆங்கிலத்தில் கதைக்க வேண்டும். அதற்காகத்தான், அரசாங்கக் கந்தோரில் நிர்வாக உத்தியோகத்தராக இருந்து ஓய்வுபெற்ற என்னிடம் படிக்க வந்தாள்.

வேலையைப் பிரித்துக் கொடுப்பதற்கு என்ன சொல்வது, நன்றாகச் செய்தால் எப்படிப் பாராட்டுவது, இவ்வளவுதான் அவள் கேட்டது. நான் ‘சபோர்டினேட்’டில் தொடங்கினேன்.

“அப்பிடியெண்டா என்ன சேர்?”

“உமக்குக் கீழ வேலை செய்யிற ஆள்.”

“அங்க அப்பிடி ஒருத்தரும் இல்லையே சேர். மாமி, சாச்சி, ராத்தாதான் இருக்காங்க.”

“சொந்தக்காரரோ?”

“இல்ல சேர். ஆனா மூத்தவங்க எண்டா மாமிதானே.”

“அங்கதான் பிழை, பிள்ளை. மாமியை வேலை வாங்க ஏலாது. நாளையிலயிருந்து எல்லாரும் மிஸ். நீர் மேடம்.”

நல்ல பிள்ளை, சொன்னபடியே செய்தாள். மேசையில் மூத்தவரான மாமி, பேத்திக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தவர். அவரைப் பெயர் சொல்லி ‘மிஸ்’ என்று கூப்பிட்டதும் அத்தனை கத்தியும் நின்றுவிட்டதாம்.

“என்ன புள்ள, காய்ச்சல் கீச்சலா ஒனக்கு?”

“மேடம் எண்டு சொல்லணும்,” என்றிருக்கிறாள் இவள்.

அதற்குப் பிறகு அவர்கள் முழுமூச்சாகக் கீழ்ப்படியத் தொடங்கினார்கள்.

“மேடம், மீனைத் திருப்பட்டா?”

“மேடம், வாலை வெட்டட்டா, இல்ல நீங்க வந்து பாப்பீங்களா?”

“மேடம், தும்மல் வருது. தும்மட்டா?”

ஒவ்வொன்றுக்கும் அனுமதி. ஐஸ் கரைந்து நிலமெல்லாம் ஓடியது. ஏற்றவந்த லொறி வாசலில் நின்று உறுமியது. ஏன் இந்தத் தாமதம் என்று மறுநாள் கூட்டத்தில் விளக்கும்படி மனேஜர் சொல்லிவிட்டார்.

அன்று பின்னேரம் அழுதபடி வந்தாள். எனக்கோ உற்சாகம். இதற்கென்றே ஒரு சொல் இருக்கிறதே! ‘இன்சபோர்டினேஷன்’: மேலதிகாரிக்கு அடங்க மறுத்தல். திருத்தமாக வரும்வரை சொல்ல வைத்தேன். பாவம், அவளுடைய தேத்தண்ணி ஆறிப்போனது.

மறுநாள் திருத்தமாகவே சொன்னாள். மனேஜர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அடங்க மறுத்தவர் யார் என்று விசாரித்து, மாமியை வேலையிலிருந்து நிறுத்தும்படி உத்தரவிட்டார். அப்போதுதான் அந்தச் சொல் என்ன செய்யும் என்று அவளுக்கு விளங்கியது. பிழை தன்னுடையது, மாமியை விட்டுவிடுங்கள் என்று, நான் கற்பிக்காத ஆங்கிலத்தில் மன்றாடியிருக்கிறாள். மாமி தப்பினார். இவள் மேசைக்குத் திரும்பினாள்.

என்னுடைய வழி எனக்காவது பலித்ததா என்றால், இல்லை. சேவைக்காலம் முழுக்க எல்லோரையும் மிஸ், மிஸ்டர் என்றே கூப்பிட்டேன். நான் உள்ளே வந்தால் எழும்பி நிற்பார்கள், பகிடியும் சிரிப்பும் நின்றுவிடும். என் பிரியாவிடைக்கு வந்தவர்கள் ரோல்ஸும் தேத்தண்ணியும் முடிந்ததும் போய்விட்டார்கள். இதெல்லாம் தெரிந்துகொண்டேதான் அவளுக்கு அதைப் படிப்பித்தேன். என் வழியில் ஒருவராவது வென்றுகாட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அதற்கு அவளுடைய பதவியைப் பணயம் வைத்தேன்.

போன கிழமை சந்தையில் அவளைக் கண்டபோது இதை ஒளிக்காமல் சொன்னேன். மனேஜரிடம் வந்து, குற்றம் என்னுடையது என்று சொல்லவா என்றும் கேட்டேன்.

“அல்லாவே, வேணாம் சேர்! நீங்க வந்தா அவருக்கும் ரெண்டு சொல்லுப் படிப்பிச்சுப் போட்டுத்தான் போவீங்க.” சிரித்துவிட்டாள். “மாமி ஆக்கள் எல்லாரும் சேர்ந்துபோய்க் கேட்டிருக்காங்க. இன்னொரு தவணை கிடைச்சிருக்கு.”

“அப்ப வகுப்புக்கு வாரீரோ?”

காய்கறிப் பையைக் கைமாற்றினாள்.

“வேற இடத்தில சேர்ந்திட்டன் சேர். கோவிச்சுக்காதீங்க.”

“நல்ல முடிவு, பிள்ளை,” என்றேன்.

நான் அவளுக்குச் சொன்ன உருப்படியான புத்திமதி அது ஒன்றுதான்.