பின்னால் உட்காருகிறவர்

ரப்பர் படகில் வழிநடத்துகிறவனுக்குக் கடைசி இடம். முன்னால் துடுப்போடு உட்கார்ந்திருக்கும் எட்டுப் பேருக்கும் அவன் குரல்தான் தெரியும், கை தெரியாது. அந்த ஒன்றை நம்பித்தான் சுக்கான் தன் மனைவி போட்ட நிபந்தனைக்குத் தலையாட்டினார்.

சுக்கான் என்பது பட்டப்பெயர். பின்னால் உட்கார்ந்து படகைத் திருப்புகிறவருக்குக் கூட வேலை செய்கிறவர்கள் வைத்தது. பத்தொன்பது வயதில் படகு சுமக்க வந்தவர், இருபத்தேழு வருஷமாக அதே கம்பெனி, அதே ஆறு. காலையில் ஆற்றில் படகு, மத்தியானம் மழைக்காட்டுக்குள் பைக் மாதிரி ஏறி உட்கார்ந்து ஓட்டும் நாலு சக்கர மோட்டார் வண்டி, சாயங்காலம் ஈரத்துணியோடு எல்லாரையும் பஸ் ஏற்றி அனுப்புவது. ஒருநாள் சுற்றுலா என்று பெயர். வருகிறவர்களுக்கு அது ஒரு நாள். சுக்கானுக்கு எல்லா நாளும் அந்த ஒரே நாள்தான்.

இரண்டு மழைக்காலத்துக்கு முன்னால் கனத்த ஆள் ஒருவர் படகிலிருந்து விழுந்தார். அவருடைய லைஃப் ஜாக்கெட்டைப் பிடித்து உள்ளே இழுத்துப் போட்டபோது சுக்கானின் வலது தோளில் என்னவோ பட்டென்றது. அன்றிலிருந்து அந்தக் கை மார்புக்கு மேல் எழும்பவில்லை. தைலம் தேய்த்தார், மாத்திரை போட்டார், வாயைத் திறக்கவில்லை.

மனைவி தையல்காரி. சட்டைக்கு அளவெடுத்தபோதே கண்டுவிட்டாள்.

"ஏங்க, ரெண்டு தோளும் ஒரே மட்டத்துல இல்லையே?"

"அதென்ன தராசா, மட்டமா நிக்க?"

அப்போது சிரித்துவிட்டாள். அவளுடைய தம்பி, இரண்டாவது படகை ஓட்டுகிறவன், வீட்டுக்கு வந்து "அக்கா, மாமாவுக்குக் கை போச்சு" என்று போட்டு உடைத்த பிறகு சிரிக்கவில்லை. "ஒரு நாள் உங்க படகுல வந்து நானே பாக்குறேன். கை நல்லா இருந்தா இனிமே ஒரு வார்த்தை கேக்க மாட்டேன். இல்லன்னா அன்னிக்கே மேனேஜர்கிட்ட சொல்லி ஜாக்கெட் ரூமுக்கு மாறிடணும். சம்மதமா?"

ஜாக்கெட் ரூம் என்றால் தகரக் கூரை போட்ட ஒரு நீளக் கொட்டடி. எந்நேரமும் ஈர நாற்றம். வருகிறவர்களுக்கு லைஃப் ஜாக்கெட் போட்டு, மார்பில் பக்கிள் மாட்டி, தலையில் ஹெல்மெட் கவிழ்த்து அனுப்ப வேண்டும். யாரும் முகத்தைப் பார்க்க மாட்டார்கள். ஆற்றில் சுக்கான் சொன்னால் எட்டுப் பேர் கேட்பார்கள். வேறு எங்கே அவர் சொல்லி யார் கேட்டார்கள்? அதனால்தான் விடமாட்டேன் என்று நின்றார். உடம்பு மட்டும் என்றைக்கோ அலுத்துப்போயிருந்தது. காலையில் எழுந்து உட்காரவே அரை மணி நேரம் ஆகும் அவருக்கு.

அன்று தூறலோடு விடிந்தது. மேனேஜர் அவருக்குக் கொடுத்தது ஒரு கார் ஷோரூமில் வேலை பார்க்கும் ஏழு பேரை. எல்லாம் இளவட்டம். எட்டாவதாக மனைவி ஏறினாள்.

"நான் எங்க உட்காரட்டும்?"

"முன்னாடி. அங்கதான் நல்லாத் தெரியும்."

"எது?"

"ஆறுதான், வேறென்ன."

அவரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு முன்னால் போய் உட்கார்ந்தாள்.

ஆற்றில் ஐந்து இறக்கம். தண்ணீர் பாறைக்குப் பாறை வெள்ளை வெள்ளையாக உடைந்து விழும் இடத்தை இறக்கம் என்பார்கள். கை நன்றாக இருந்த காலத்தில் சுக்கான் துடுப்பை ஒரு அழுத்து அழுத்தினால் படகு சொன்ன பக்கம் திரும்பும். இப்போது வேறு வழி கண்டுபிடித்திருந்தார். தண்ணீரைவிடப் படகு வேகமாகப் போனால், பின்னால் துடுப்பைச் சும்மா சாய்த்துப் பிடித்தாலே போதும், திரும்பிவிடும். அதற்கு முன்னால் இருக்கிறவர்கள் ஓயாமல் துடுப்புப் போட வேண்டும்.

"முன்னாடி போடு! போடு! நிறுத்தாத, போடு!"

மூன்றாவது இறக்கம் தாண்டியதும் ஷோரூம் பையன் ஒருவன் திரும்பிப் பார்க்காமலே கத்தினான். "அண்ணே, நாங்க ஜாலியா இருக்க வந்தோம். இதுக்கு ஷோரூம்லயே இருந்திருக்கலாம்."

"நீ தண்ணிய அடிக்கலன்னா தண்ணி உன்னை அடிக்கும், தம்பி. போடு!"

படகே சிரித்தது. மனைவியும் சிரித்த மாதிரிதான் இருந்தது. சுக்கானுக்கு அவள் ஹெல்மெட்டின் பின்பக்கம்தான் தெரிந்தது.

ஐந்தாவது இறக்கத்துக்கு மாமியார் என்று பெயர். எந்தப் பக்கத்திலிருந்து எப்போது அடி விழும் என்று தெரியாது, அதனால். அங்கே படகு குறுக்கே திரும்பினால் கவிழ்ந்ததுதான். சுக்கான் தொண்டை கிழியக் கத்தினார், எட்டுப் பேரும் வெறி பிடித்தவர்கள் மாதிரித் துடுப்புப் போட்டார்கள், படகு ஒரு குலுக்கலில் வெளியே வந்து விழுந்தது. ஒருவர்கூடத் தண்ணீரில் விழவில்லை. தோள் நெருப்பாக எரிந்தது. ஆனாலும் முடிந்தது, தப்பித்தோம் என்று மூச்சு விட்டார்.

கீழே தண்ணீர் ஓய்ந்து குளம் மாதிரி நின்றது. மச்சானின் படகு பக்கத்தில் வந்தது. அதில் இருந்தவர்கள் துடுப்பை மடியில் போட்டுக்கொண்டு கைதட்டிப் பாடிக்கொண்டிருந்தார்கள். ஒரு சின்னப் பெண் அம்மாவின் காலிடுக்கில் உட்கார்ந்து தண்ணீரைத் தொட்டு விளையாடினாள். சுக்கானின் மனைவி அந்தப் படகையே பார்த்தாள். பிறகு தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். கட்டைவிரல் அடியில் கொப்புளம் எழும்பியிருந்தது.

சாப்பாட்டுக் கொட்டகையில், "நல்லாத்தான் ஓட்டுனீங்க" என்றாள். சுக்கானுக்குச் சோறு இறங்கியது.

மத்தியானம் வண்டிகளை வரிசையாக நிறுத்தினார்கள். முன்வண்டி சுக்கானுடையது, கடைசி வண்டி மச்சானுடையது, நடுவில் ஷோரூம்காரர்கள். மனைவி வந்து சுக்கானின் வண்டியில் ஏறினாள்.

"நீ தம்பியோட வா. முன்வண்டி ரொம்பக் குலுக்கும்."

"குலுக்கட்டும். நான் உங்க பின்னாடியே உட்காந்துக்கிறேன்."

இதை அவர் யோசித்திருக்கவில்லை.

காட்டுக்குள் பாதை இல்லை, சேறுதான் பாதை. மழை நின்ற பிறகும் இலைகள் சொட்டிக்கொண்டே இருந்தன. சக்கரம் ஒவ்வொரு வேரிலும் ஏறி இறங்கும்போது ஹேண்டில்பார் உதறியது, அந்த உதறல் நேராகத் தோளில் போய் இறங்கியது. பள்ளம் ஒன்றில் வண்டி சாய, அவள் பிடிமானத்துக்கு அவருடைய வலது தோளைப் பிடித்தாள். சுக்கானின் முதுகு முழுக்க ஒரு சுருக்குச் சுருங்கியது. சத்தம் மட்டும் வரவில்லை. அவள் கையை எடுத்து மெதுவாக இடது தோளில் வைத்துக்கொண்டாள். அவ்வளவுதான், அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

ஓடைக்கு இறங்கும் சரிவில் முன்சக்கரம் இரண்டு வேருக்கு நடுவில் போய்ச் சிக்கியது. ஹேண்டிலை வலது பக்கம் ஒடித்து இழுக்க வேண்டும். இடது கையால் தள்ளிப் பார்த்தார், அசையவில்லை. இன்னொரு தரம். பின்னால் வண்டிகள் உறுமிக்கொண்டு நின்றன, யாரோ ஹாரன் அடித்தார்கள். கடைசி வண்டியை விட்டுவிட்டு மச்சான் சேற்றில் ஓடி வந்தான்.

"மாமா, இறங்குங்க, நான் எடுத்துத் தர்றேன்."

"போடா, போய் உன் வண்டியப் பாரு."

மனைவி இறங்கினாள். முழங்கால்வரை சேறு. வலது பக்கமாக வந்து ஹேண்டிலின் வலது பிடியை இரண்டு கையாலும் பிடித்தாள்.

"எந்தப் பக்கம்?"

சுக்கான் மறுபடியும் தனியாகவே தள்ளிப் பார்த்தார்.

"எந்தப் பக்கம்னு கேக்குறேன்ல?"

"உன் பக்கம்."

அவள் இழுத்தாள், அவர் தள்ளினார். சக்கரம் சளப்பென்று வெளியே வந்தது. ஷோரூம்காரர்கள் விசிலடித்துக் கைதட்டினார்கள். அவர்களுக்கு அதுவும் டிக்கெட்டில் சேர்ந்த வேடிக்கை.

பஸ் கிளம்பிப் போன பிறகு, வண்டி கழுவும் இடத்தில் அவள் ஆரம்பித்தாள்.

"அவன் படகுல எல்லாரும் பாட்டுப் பாடிக்கிட்டு வந்தாங்க. எங்களை மட்டும் ஏங்க மாடு மாதிரி உழைக்க விட்டீங்க?"

"இந்த ஒரு மழைக்காலம் போகட்டுமே."

"மாமியார்கிட்ட அந்தப் பசங்கள்ல ஒருத்தன் கை ஓஞ்சிருந்தா? அப்ப என்ன பண்ணியிருப்பீங்க?"

இரண்டு மழைக்காலமாக அந்தக் கேள்வி அவருக்குள்ளேயும் இருந்தது, அவரும் பதில் தேடவில்லை. எழுந்து மேனேஜர் அறைக்குப் போனார்.

மேனேஜருக்கு அவரைவிடப் பதினைந்து வயது குறைவு. ஏதோ எழுதிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்தான்.

"கை சரியில்ல" என்றார் சுக்கான். "படகுலேருந்து என்னை எடுத்துடுங்க."

"உட்காருங்கண்ணே."

"நிக்கிறேன்."

"உங்க படகுல சின்னப் பிள்ளைங்கள ஏத்தி எவ்வளவு நாளாச்சு, யோசிச்சுப் பாருங்க. வயசானவங்கள?"

சுக்கான் யோசித்தார். ஒரு வருஷமாக ஒரு குழந்தைகூட ஏறவில்லை. கல்லூரிப் பிள்ளைகள், பந்தாட்டக்காரர்கள், இன்றைக்கு ஷோரூம். எல்லாம் நல்ல கைகள். தன் நல்ல நேரம் என்றல்லவா நினைத்திருந்தார்.

"எல்லாருக்கும் தெரியுமா?"

"தெரியும்ணே. உங்ககிட்ட யாரு வந்து சொல்றது? நீங்களா வருவீங்கன்னு இருந்தேன். ரொம்ப லேட்டாத்தான் வந்திருக்கீங்க, அதுல என் தப்பும் இருக்கு. நாளைலேருந்து ஜாக்கெட் ரூம். ஒன்பது மணிக்கு வந்தாப் போதும்."

இருபத்தேழு வருஷமாக ஆறு மணிக்கு வந்தவர் சரி என்று தலையை அசைத்துவிட்டு வெளியே வந்தார். கோபம் வரும் என்று எதிர்பார்த்தார். அதற்கும் தெம்பு இல்லை.

குழாயடியில் மனைவி துண்டோடு நின்றாள். சேற்றுச் சட்டை அவர் உடம்போடு ஒட்டியிருந்தது.

"கையத் தூக்குங்க, கழட்டி விடுறேன்."

"வராது."

"எவ்வளவு வரும்?"

தூக்கிக் காட்டினார். மார்புவரை வந்து கை நின்றது. வண்டி கழுவிக்கொண்டிருந்தவர்கள் குழாயைத் தாழ்த்திப் பார்த்தார்கள். பிறகு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். மச்சான் மட்டும் தலை குனிந்து நின்றான். தையல்காரிக்குச் சட்டையின் சூட்சுமம் தெரியும். முதலில் இடது கையை உருவினாள், பிறகு தலை, கடைசியில் வலது கையிலிருந்து துணியைக் கீழே வழித்து இறக்க ஆரம்பித்தாள்.

"வலிக்குதா?"

இத்தனை நாளும் இல்லை என்றே சொல்லி வந்தவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"வலிக்குது. மெதுவா."

அவள் இன்னும் மெதுவாக இழுத்தாள்.