பனி ஊரில் காய்ந்த பாவு

பிள்ளைகளா, நான் ஜெர்மனியிலிருந்து வந்த அன்றைக்கே நீங்கள் ரெண்டு பேரும் என்னைப் பிடித்துக்கொண்டு, "அங்க இன்னாப்பா பாத்த?" என்று கேட்டீர்கள். "பனி பாத்தேன்" என்று சொல்லிவிட்டுத் தூங்கிவிட்டேன். சின்னதுக்கு முகம் தொங்கிப்போனது. எனக்கு வாயால் கோவையாகச் சொல்ல வராது. எட்டாவது வரைக்கும் படித்தவன், எழுதினால் கொஞ்சம் வரும். அதனால் உங்கள் பழைய நோட்டில் மிச்சம் கிடந்த பக்கங்களில் எழுதுகிறேன்.

எதற்குப் போனேன் என்று உங்களுக்குத் தெரியும். அந்த ஊர்க் காட்சிசாலையில் பல தேசத்துத் துணிகளை வைத்திருக்கிறார்கள். அங்கே ஒரு சின்னத் தறியில் ஆறு நாள் உட்கார்ந்து, ஜனங்கள் பார்க்க நெய்ய வேண்டும். நெய்து முடிக்கிற ரெண்டு முழப் பட்டுத் துணியைக் கண்ணாடிப் பெட்டியில் வைப்பார்கள். நான் போகும்போதே பெட்டி தயாராக இருந்தது. நம் ஊர்ப் பேர்கூட எழுதி ஒட்டியிருந்தார்கள். உள்ளேதான் காலி. நான் முடிக்காவிட்டால் அது அப்படியே காலியாக நிற்கும். இங்கே வழியனுப்பும்போது நெசவாளர் சங்கத்துக்காரர்கள், "ஊரு மானம் உன் கையில இருக்குதுப்பா" என்று சிரித்துக்கொண்டே சொன்னார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

நான் பார்த்ததைச் சொல்கிறேன். சிவப்பு விளக்கு எரிந்தால், தெருவில் ஒரு வண்டிகூட இல்லாவிட்டாலும் ஜனங்கள் நிற்கிறார்கள். தடி ஊன்றின ஒரு தாத்தா பனியில் தனியாக நின்றார், விளக்கு பச்சையாகிற வரைக்கும். பஸ்ஸில் ஒரு நாய் ஏறி, டிக்கெட் எடுத்த ஆள் மாதிரி அமைதியாக உட்கார்ந்துகொண்டு வந்தது. கதவைத் திறக்கிறவர் பின்னால் வருகிறவருக்காகப் பிடித்துக்கொண்டே நிற்கிறார். நான் எவ்வளவு தூரத்தில் வந்தாலும் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். பாவம் காத்துக்கிடக்கிறாரே என்று ஒவ்வொரு கதவுக்கும் ஓடினேன். அந்த ஊரில் நான் நடந்ததைவிட ஓடினதுதான் அதிகம்.

ஆனால் பஸ்ஸில் பக்கத்து சீட் காலியாக இருந்தாலும் உட்காராமல் நிற்கிறார்கள். ஐயம்பேட்டையிலிருந்து ஷேர் ஆட்டோவில் வரும்போது யார் முழங்கை யார் வயிற்றில் இருக்கிறது என்றே நமக்குத் தெரியாது. அங்கே ஒருத்தர் மேல் ஒருத்தர் படுவதே இல்லை. இதைக் கண்ணால் பார்த்தும் என் கைக்கு அது புரியவில்லை.

ரெண்டாம் நாள் காலை. கூடத்தைத் துடைக்கிற அம்மா ஒருத்தர் தறிக்குப் பக்கத்தில் குனிந்து துடைத்துக்கொண்டிருந்தார். என் வயது இருக்கும். கழுத்தில் கம்பளிச் சால்வை, அதன் முனை, தறியில் நீளவாட்டில் இழுத்துக் கட்டியிருந்த என் பாவின் மேல் வந்து விழுந்தது. என் கை தானாகப் போய்விட்டது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து, நூல் எத்தனை புரி சேர்த்து முறுக்கினது என்று தேய்த்துப் பார்த்தேன். சின்ன காஞ்சிபுரத்தில் யார் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனாலும் இந்தக் கை இப்படித்தான் போகும், உங்கள் அம்மா தட்டிவிடுவாள். அங்கே தட்டிவிட யாரும் இல்லை. அந்த அம்மா சால்வையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு ரெண்டு அடி பின்னால் போனார். முகம் சிவந்துவிட்டது. பக்கெட்டை எடுத்துக்கொண்டு போயே விட்டார்.

எனக்கு மொழி சொல்ல வந்தவர் ஓர் இலங்கைத் தமிழ்ப் பெண். அங்கேயே முப்பது வருஷமாக இருப்பவர். என்னை அண்ணா என்பார், நான் தங்கச்சி என்பேன்.

"அண்ணா, இஞ்ச ஆக்கள்ட உடுப்பைத் தொடக்கூடாது. கையைக்கூடக் கேட்டுத்தான் பிடிப்பினம்."

"போய்ப் புகார் சொல்லிடுவாங்களாம்மா?"

"தெரியேல்ல அண்ணா. நீங்கள் வேலையைப் பாருங்கோ."

எந்த வேலையைப் பார்ப்பது? அன்றைக்கு மத்தியானத்திலிருந்து இழை அறுந்துபோக ஆரம்பித்தது. அறுந்ததை இணைத்து முடி போட்டு நிமிர்ந்தால் இன்னொன்று அறும். பாவு மொத்தமும் விறைத்து, மயிர் சிலிர்த்த மாதிரி நின்றது. மூன்றாம் நாள் முடியும்போது அரை முழம்கூட ஆகவில்லை. பார்க்க வந்தவர்கள் நான் நெய்வதைப் பார்க்கவில்லை, முடி போடுவதைத்தான் பார்த்தார்கள். அதற்கும் கை தட்டினார்கள். அவமானமாக இருந்தது.

நூலைத் திட்டினேன். சாயம் போட்டவரை மனசுக்குள் திட்டினேன். உங்கள் அம்மாவுக்குப் போன் பண்ணினேன்.

"பனி கொட்டற ஊர்ல நூல் எப்படிங்க அறுந்து போவும்? உங்க கைதான் பயத்துல நடுங்கிக்கினு இருக்குது" என்றாள். சால்வை விஷயத்தையும் சொன்னேன். "அங்க போயுமா? நான் ஒருத்தி கூட வந்திருக்கணும், கைய கட்டிப் போட."

நானும் அவள் மாதிரிதான் நினைத்தேன். பங்குனி வெயிலில் தறியைச் சுற்றித் தண்ணீர் தெளிக்கச் சொல்லி உங்களை விரட்டுகிறேனே, அது காற்று காய்ந்தால் பட்டு நொறுங்கும் என்பதற்காகத்தான். ஆனால் நமக்குக் காற்று காய்வது என்றால் வெயிலில்தான். வெளியே முழங்கால் அளவு பனி, அத்தனையும் தண்ணீர். அப்படிப்பட்ட ஊரில் காற்று காய்ந்திருக்கும் என்று இத்தனை வருஷம் நெய்தவனுக்குத் தோன்றவில்லை.

நாலாம் நாள் காலை அந்தத் துடைக்கிற அம்மா நேராக என்னைப் பார்த்து வந்தார். புகார்தான் என்று எழுந்து நின்றுவிட்டேன். ஒரு கையில் பக்கெட், நிறையத் தண்ணீர். தோளில் நாலு துண்டு. பக்கெட்டின் பிடியில் பிளாஸ்டிக் உடைந்து வெறும் கம்பிதான் இருந்தது. கீழே வைத்ததும் அவர் உள்ளங்கையில் சிவப்பாகக் கோடு விழுந்திருந்ததைப் பார்த்தேன்.

தன் உதட்டைத் தொட்டுக் காட்டினார், வெடித்திருந்தது. விரல் முட்டியைக் காட்டினார், அதுவும் வெடித்திருந்தது. கூடத்தைச் சூடாக்க சுவரோரம் வைத்திருந்த ஹீட்டரைக் காட்டினார். அப்புறம் என் பாவைக் காட்டினார். ஏதோ சொன்னார்.

தங்கச்சி சிரித்தார். "ஹீட்டர் போட்டால் என்ர உதடு வெடிக்குது, உங்கட நூல் வெடிக்காதோ எண்டு கேக்கிறா. மூண்டு நாளா உங்களைப் பாத்துக்கொண்டிருந்தவவாம்."

துண்டுகளை நனைத்துப் பிழிந்து ஹீட்டர் மேல் போட்டார். பக்கெட்டைப் பாவுக்கு அடியில் தள்ளினார். ஒரு மணி நேரத்தில் பாவு படிந்தது. குறுக்கிழையை ஓட்டுகிற நாடாவை விட்டேன், இழை அறாமல் போய் வந்தது. மறுபடி விட்டேன். அந்தச் சத்தத்தைக் கேட்டு எனக்குக் கண் கலங்கியது. எழுதுவதால் சொல்கிறேன், நேரில் சொல்லமாட்டேன்.

அதற்குப் பிறகு ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் அவரே வந்து துண்டை நனைத்துப் போட்டுவிட்டுப் போனார். அது அவர் வேலை இல்லை, யாரும் சொல்லவும் இல்லை. ஐந்தாம் நாள் சாயங்காலம் கிளம்பும்போது என் பக்கத்தில் நின்று, சால்வை முனையை எடுத்து, அவராகவே என் முன்னால் நீட்டினார். நான் தங்கச்சியைப் பார்த்தேன்.

"தொடுங்கோ அண்ணா. அவவே பின்னினதாம்."

தொட்டேன். ரெண்டு புரி. நல்ல கை.

ஆறாம் நாள் மூன்று மணிக்கு ரெண்டு முழமும் முடிந்தது. அறுத்து எடுத்துக்கொண்டுபோய்ப் பெட்டியில் விரித்தார்கள். எல்லாரும் கை கொடுத்தார்கள். நன்றி என்பதற்கு அந்த ஊர்ச் சொல்லைத் தங்கச்சியிடம் கேட்டு மனப்பாடம் பண்ணி வைத்திருந்தேன், அந்த அம்மாவிடம் சொல்ல. விசாரித்தால், அன்றைக்கு அவருக்கு லீவாம். எனக்கு விடியற்காலையில் விமானம்.

ஜனங்கள் போன பிறகு தறியைக் கழற்றினேன். தங்கச்சி கார் எடுத்துவரப் போயிருந்தார். துண்டுகளைப் பிழிந்து உதறி மடித்தேன். தண்ணீரைக் கொட்டி, பக்கெட்டைத் துடைத்தேன். பாவில் மிச்சம் நின்ற அரக்கு நூலை உருவி எட்டு இழையாகச் சேர்த்து, பிடிக் கம்பியின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் நெருக்கமாகச் சுற்றினேன். அதன் மேல் இன்னொரு சுற்று. கம்பி தெரியாமல் போன பிறகு, முனையை உள்ளே செருகி, நாம் இழைக்குப் போடுகிற முடியே போட்டேன். தூக்கிப் பார்த்தேன். கையை அறுக்கவில்லை. துடைப்பம் வைக்கிற அறையில், பக்கெட்டை அதன் இடத்தில் வைத்துவிட்டு விளக்கை அணைத்தேன்.