ஓக் மரங்களைச் சுற்றி ஓடியவன்

இதைச் சொன்னால் எல்லோரும் முதலில் கேட்பது, "அன்னைக்குக் குடிச்சிருந்தியா?" என்பதுதான். குடித்திருந்தேன். சர்க்கரை போட்ட ஐஸ் டீ, இரண்டு டம்ளர். என்னோடு சேர்ந்து பார்த்தவர்கள் இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள். அதில் ஒருவன் இன்று ராணுவத்தில் அதிகாரி, பயந்த சுபாவம் கிடையாது. நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன். பல்கலைக்கழகத்தின் பெயரை மட்டும் சொல்ல மாட்டேன். அவர்களிடம் வக்கீல்கள் அதிகம்.

டெக்சாஸில் இருக்கிறது அது. ராணுவப் பள்ளியாகத் தொடங்கி, பிறகு பல்கலைக்கழகமாக வளர்ந்த இடம். இன்றும் மாணவர்களில் பலர் சீருடையில்தான் வகுப்புக்குப் போவார்கள். அணிவகுப்பு மைதானத்தைச் சுற்றி ஓக் மரங்கள் நிற்கின்றன. முதல் உலகப்போரில் செத்த மாணவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு மரம். அவற்றின் நிழலில் போகும்போது தொப்பியைக் கழற்ற வேண்டும். சாய்ந்து உட்காரக் கூடாது. காதலிக்காகக் காத்திருப்பவன்கூட வெயிலில்தான் நிற்பான்.

முதலாண்டுப் பையன்களை நாங்கள் மண்ணாங்கட்டி என்றுதான் கூப்பிடுவோம். ஆனால் சீனியர் ஒருவர் முழுப்பெயரைச் சொல்லி அழைத்துவிட்டால், அடுத்த மூச்சுக்குள் "இங்கே, சார்!" என்று கத்த வேண்டும். குளித்துக்கொண்டிருந்தாலும் சரி, வாய் நிறைய ரொட்டி இருந்தாலும் சரி. யோசிக்கவே கூடாது. ஒரு வருடத்தில் அது ரத்தத்தில் ஊறிவிடும். இப்போதும் பல் டாக்டரிடம் போனால், நர்ஸ் என் பெயரை வாசித்ததும் கத்திவிடுகிறேன். பாவம், அந்தப் பெண் என்னைக் கண்டாலே ஒதுங்கிப் போகிறாள்.

செத்தவர்களுக்கும் அதே வழக்கம்தான். ஏப்ரல் மாதம் ஒருநாள், சூரியன் இறங்கும் நேரம், நினைவு மண்டபத்தில் பெயர் அழைப்பு நடக்கும். அந்த வருடம் இறந்தவர்களின் பெயர்களை ஒரு கடைசி ஆண்டு மாணவன் ஒவ்வொன்றாக அழைப்பான். இறந்தவருக்கு வேண்டிய ஒருவர் எழுந்து, "இங்கே" என்பார். ஒரு மெழுகுவர்த்தி ஏற்றப்படும். அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு சொல்லைக் கேட்டால் கல்நெஞ்சுக்காரனும் அழுதுவிடுவான்.

நான்கு வருடங்களுக்கு முன்னால் அந்தப் பெயர்களை அழைத்தவன் நான். எம்மெட் சூலாக்.

அந்த முறை ஒரு பழைய பெயரும் சேர்ந்திருந்தது. ராய்ஸ் ப்ரூயிட். செத்துப் பதினான்கு வருடம் ஆகியிருந்தது. உறுதிமொழி எடுப்பதற்கு முன்பே, சேர்ந்த மாதமே செத்துவிட்டதால் அவன் எங்கள் மாணவன் ஆகவில்லை என்று சொல்லி, இத்தனை வருடமும் அழைக்காமல் விட்டிருந்தார்கள். அவனுடைய அக்கா நோரீன் விடாமல் போராடி, பெயரைச் சேர்க்க வைத்துவிட்டாள். தம்பிக்காக அவளே "இங்கே" சொல்லப்போகிறாள்.

மதியம் ஒத்திகைக்கு வந்துவிட்டாள். ஆறு மணி நேரம் தனியாக பிக்கப் வண்டி ஓட்டி வந்திருந்தாள். கையில் ஒரு ஜோடி பூட்ஸ். இறந்தவருக்கென்று ஒரு காலி நாற்காலி போட்டு, அதில் அவர் பொருள் ஒன்றை வைப்பது வழக்கம். நோரீன் அந்த பூட்ஸை வைத்தாள். குதிகால் இரண்டும் தேய்ந்து ஓட்டையாகியிருந்தன.

"ஒரு மாசத்துல எப்படி மேடம் இவ்வளவு தேஞ்சுது?" என்று கேட்டான் பெனி. மெழுகுவர்த்தி ஏற்றும் பொறுப்பு அவனுக்கு. என் அறைத்தோழன்.

"அவனுக்குத் திக்குவாய்" என்றாள். "பேரைக் கூப்பிட்டா உடனே இங்கேன்னு சொல்ல வராது. லேட்டா சொன்னா மரத்தைச் சுத்தி ஓடணும்னு அவன் படைப்பிரிவுக்குத் தலைவனா இருந்த சீனியர் சட்டம் போட்டான். ஆகஸ்ட் மாச வெயில்ல. இவன் ஓடி முடிச்சு வந்து நிப்பான். அந்தத் தலைவன் மறுபடி பேரைக் கூப்பிடுவான். மறுபடி திக்கும். இன்னும் நாலு மரம்தான், ஓடுன்னுவான். திரும்பத் திரும்ப அதையே சொல்லியிருக்கான். கொடிமரத்துப் பக்கத்து மரத்தடியில விழுந்துட்டான் என் தம்பி."

அந்தத் தலைவன் யார் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். கார்லண்ட் ஸ்ட்ரவுட். பையன் தானாகவே ஓடினான் என்று விசாரணையில் சொல்லித் தப்பித்தவர். அதற்குள் பெரிய பணக்காரர் ஆகியிருந்தார். புதிய உடற்பயிற்சிக் கூடத்துக்கு அவர் பெயரைத்தான் வைக்கவிருந்தார்கள். அன்று மாலை முன்வரிசையில் அவருக்கு இடம்.



நோரீன் என் சட்டைப் பொத்தானை ஒருமுறை சரிசெய்தாள். "எம்மெட், என் தம்பி பேரைத் திக்காம, தெளிவாக் கூப்பிடுவியா?"

"கூப்பிடுவேன், மேடம்."

ஒத்திகையில் எல்லாப் பெயர்களையும் அழைத்துப் பார்த்தேன். கல் மண்டபம் அது, ஒவ்வொரு பெயரும் எதிரொலித்துத் திரும்பி வரும். "ராய்ஸ் ப்ரூயிட்" என்றேன்.

எதிரொலி வரவில்லை.

பெனி நிமிர்ந்து பார்த்தான். "உன் குரல் எங்கடா போச்சு?"

மறுபடி அழைத்தேன். பஞ்சு மூட்டைக்குள் பேசியது போல இருந்தது. அடுத்த பெயரைச் சொன்னதும் எதிரொலி பழையபடி வந்தது. பெனி வேறு எதையோ உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். வெளியே வடக்கத்திக் குளிர்காற்று வீசிக்கொண்டிருந்த நாள் அது. மண்டபத்துக்குள்ளும் யாரும் கோட்டைக் கழற்றவில்லை. வரிசையாக வைத்த மெழுகுவர்த்திகளில் ராய்ஸுடையது மட்டும் வளைந்து, தலை குனிந்து நின்றது. கோடை வெயிலில் காருக்குள் மறந்துவிட்ட மெழுகுவர்த்தி அப்படித்தான் ஆகும். பெனி வேறொன்றை மாற்றி வைத்தான். பத்து நிமிடத்தில் அதுவும் வளைந்தது.

ஆறே முக்காலுக்குக் கூட்டம் நிறைந்தது. கார்லண்ட் வந்தார். எல்லோருக்கும் கைகொடுத்தார். என் முதுகில் ஒரு தட்டு.

"நீதான் கூப்பிடப்போறியா? நல்லா சத்தமாக் கூப்பிடுப்பா. அந்தத் திக்குவாயன் பேரும் இருக்காமே?" என்று சிரித்தார். "அவனுக்கு யாரு பதில் சொல்வா? சொல்லி முடிக்கவே விடிஞ்சுடும்."

நோரீன் இரண்டு நாற்காலி தள்ளித்தான் உட்கார்ந்திருந்தாள். கேட்டிருப்பாள். திரும்பவில்லை. நான் மட்டும் சீருடையில் இல்லாமல் இருந்திருந்தால் அந்த ஆளைச் சும்மா விட்டிருக்க மாட்டேன்.

ஏழு மணி. விளக்குகள் அணைந்தன.

முதல் பெயர். "இங்கே." ஒரு கிழவரின் நடுங்கும் குரல். மெழுகுவர்த்தி ஏற்றப்பட்டது.

இரண்டாவது பெயர். "இங்கே." ஒரு இளம் மனைவி.

அடுத்தது ராய்ஸ். மூச்சை இழுத்துக்கொண்டேன். வியர்வை நெடி அடித்தது. புல்லும் வியர்வையும் கலந்த நெடி...

"ராய்ஸ் ப்ரூயிட்."

தெளிவாகச் சொன்னேன். ஒரு எழுத்துகூடப் பிசகவில்லை. இதை எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்து சொல்வேன்.

நோரீன் எழுந்திருக்கத் தொடங்கினாள். அவள் வாய் திறப்பதற்குள்...

"இங்கே, சார்!"

முன்வரிசையிலிருந்து. மண்டபமே அதிரும்படி. விறைப்பாக, முதலாண்டுப் பையன் நிற்பது போல நின்றார் கார்லண்ட் ஸ்ட்ரவுட்.

யாரும் அசையவில்லை. நோரீன் பாதி எழுந்தபடி அப்படியே நின்றாள். ராய்ஸின் மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது. "நான் அதைக் கொளுத்தலைடா" என்று பெனி பிறகு நூறு தடவை சொல்லிவிட்டான்.

அழைப்பை நடுவில் நிறுத்தக் கூடாது என்பது வழக்கம். மீதிப் பெயர்களை எப்படி அழைத்து முடித்தேன் என்று எனக்கே தெரியாது. விளக்கு வந்து கூட்டம் கலைந்ததும் கார்லண்ட் என் காலரைப் பிடித்தார்.

"என்னடா விளையாட்டு இது? எதுக்குடா என் பேரைக் கூப்பிட்டே?"

"ராய்ஸ் பேரைத்தான் கூப்பிட்டேன், சார்."

"என் பேரு. கார்லண்ட் ஸ்ட்ரவுட்னு. எனக்குக் காது செவிடா?"

பெனி மெதுவாகச் சொன்னான். "ராய்ஸ்னுதான் சார் கேட்டுச்சு. எல்லாருக்கும்."

கார்லண்டின் கை தளர்ந்தது. முகத்திலிருந்து வியர்வை கொட்டியது. அந்தக் குளிரில், கோட்டின் முதுகுப்புறம் முழுக்க நனைந்திருந்தது. சட்டென்று வாசல் பக்கம் தலையைத் திருப்பினார். யாரோ கூப்பிட்டது போல. எங்களுக்கு எதுவும் கேட்கவில்லை.

"இங்கே, சார்" என்றார். மிக மெதுவாக.

வெளியே போய்விட்டார்.

எனக்குப் பின்னால் நோரீன் பூட்ஸுக்குள் கையை விட்டிருந்தாள். என்னைப் பார்த்தாள்.

"சூடா இருக்கு, எம்மெட். ஈரமாவும் இருக்கு."

தொட்டுப் பார்த்தேன். இப்போதுதான் யாரோ கழற்றி வைத்தது போல இருந்தது.

அப்போது மைதானத்திலிருந்து குரல் வந்தது. "இங்கே, சார்!"

ஓடினோம், மூன்று பேரும்.

இருட்டத் தொடங்கியிருந்தது. மரங்களைச் சுற்றி கார்லண்ட் ஓடிக்கொண்டிருந்தார். விலை உயர்ந்த தோல் ஷூவோடு. கோட்டோடு. ஒரு மரத்தைச் சுற்றுவார். நிற்பார். விறைப்பாக நிமிர்ந்து... "இங்கே, சார்!" பிறகு அடுத்த மரம்.

அழைக்கும் குரல் மட்டும் எங்களுக்குக் கேட்கவே இல்லை.

ஆனால் காலடி கேட்டது.

தட்... தட்... தட்...

கார்லண்டின் ஷூ சத்தம் ஒன்று. அதற்குப் பின்னால் இன்னொன்று. கனமான பூட்ஸ். அவர் நின்றால் அதுவும் நிற்கும்.

பின்னால் யாரும் இல்லை.

பெனி ஆம்புலன்சுக்கு ஃபோன் செய்தான். நான் குறுக்கே பாய்ந்து கார்லண்டின் கையைப் பிடித்தேன். அடுப்பில் கிடந்த தோசைக்கல்லைத் தொட்டது போல இருந்தது. கையை இழுத்துக்கொண்டேன். உள்ளங்கை சிவந்துவிட்டது.

"சார், நில்லுங்க. நில்லுங்க சார்."

அவர் கண் என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்கு மேலே பார்த்தது. உதடு வெடித்திருந்தது.

"விடு" என்றார். "இன்னும் நாலு மரம்தான். அப்புறம் விட்டுருவேன்னு சொல்றான்."

ஓடினார்.

நோரீன் மைதானத்து ஓரத்தில் நின்றாள். கையில் ராய்ஸின் மெழுகுவர்த்தி. அவ்வளவு காற்றிலும் சுடர் அசையவில்லை.

"மேடம், செத்துருவாரு. நீங்களாவது சொல்லுங்க. நிறுத்தச் சொல்லுங்க."

"யார்கிட்ட சொல்ல?"

"உங்க தம்பிகிட்ட."

 தட்... தட்... தட்... "இங்கே, சார்!" இப்போது குரல் கிழிந்திருந்தது.

"ஓடட்டும்" என்றாள்.

நான்கு மரம் முடிந்தது.

நிற்கவில்லை.

இன்னும் நான்கு.

இன்னும்...

கொடிமரத்துப் பக்கத்து மரத்தடியில் விழுந்தார். விழுந்த பிறகும் உதடு அசைந்தது. இங்கே... இங்கே...

பிறகு அதுவும் நின்றது. மெழுகுவர்த்தி தானாக அணைந்தது.

பூட்ஸ் சத்தம் மட்டும் இன்னும் கேட்டது. இப்போது ஓடவில்லை. அவசரமில்லாமல் நடந்து, நோரீன் நின்ற இடம் வரைக்கும் வந்தது.

நின்றது.

ஆம்புலன்சில் வந்தவர் வெப்பமானியை இரண்டு முறை வைத்துப் பார்த்தார். கருவி கெட்டுவிட்டது என்றார். கெடவில்லை. வெயில் தாக்கிய சாவு என்றுதான் ஆஸ்பத்திரியில் எழுதினார்கள். ஊரே கம்பளி போட்டு நடுங்கிய இரவில், சூரியன் விழுந்த பிறகு, வெயில் தாக்கிய சாவு.

இத்தோடு முடிந்திருந்தால், அந்த ஆள் குற்ற உணர்ச்சியில் பைத்தியம் பிடித்து ஓடினார் என்று நானும் சொல்லிக்கொண்டிருப்பேன்.

எங்கள் மாணவர் வானொலி பெயர் அழைப்பை ஒவ்வொரு வருடமும் ஒலிபரப்பும். இரண்டு வாரம் கழித்து அங்கே வேலை பார்க்கும் பெண் அதன் பதிவை எனக்கு அனுப்பினாள். "நீ கேளு. நான் இன்னொரு தடவை கேக்க மாட்டேன்" என்றாள். நானும் தனியாகக் கேட்கவில்லை. நோரீனை வரச்சொல்லி, அவளுடைய பிக்கப் வண்டியில் உட்கார்ந்து கேட்டேன். நல்ல பகல் வெளிச்சத்தில்.

முதல் பெயர், என் குரல். இரண்டாவது பெயர், என் குரல்.

பிறகு மௌனம். யாரோ மூச்சு வாங்கும் சத்தம்.

அடுத்து ஒரு குரல். என்னுடையது இல்லை. பதினெட்டு வயதுப் பையன் ஒருவனின் குரல்.

"கா... கா... கா..."

நிறுத்தம்.

"கார்லண்ட் ஸ்ட்ரவுட்."

"இங்கே, சார்!"

பதிவை முழுக்க ஓட்டிப் பார்த்தோம். ராய்ஸ் ப்ரூயிட் என்று என் குரல் எந்த இடத்திலும் இல்லை. செத்தவர்களை அழைக்கும் சபையில் தன் பெயர் வந்ததும், யோசிக்காமல், தானே எழுந்து பதில் சொல்லியிருக்கிறார் அந்த மனிதர்.

நோரீன் அந்த இடத்தை மட்டும் மறுபடி ஓடவிட்டாள். அவள் அழவில்லை.

"மொதல் எழுத்துல நிக்காதடா, மூச்சை விட்டுட்டு மெதுவாச் சொல்லுன்னு சின்ன வயசுலேர்ந்து சொல்லிக் குடுத்தேன்" என்றாள். "கடைசியில சொல்லிட்டான்."