ஒரு மனைவியின் ஆங்கிலத்தை நான் திருத்திய விதம்

பிழையான ஆங்கிலத்தைக் கண்டால் எனக்கு இரக்கம் வருவதில்லை, சிரிப்புத்தான் வரும். பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலில் பதினொரு வருடம் வெள்ளைக்காரரின் மின்னஞ்சல்களுக்குப் பதில் எழுதினேன். பிறகு வேலையை விட்டுவிட்டு, நாவற்குடாவில் என் வீட்டு முன்னறையில் ஒரு மேசையும் கணினியும் பிரிண்டரும் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். வேலை விண்ணப்பம், முறைப்பாட்டுக் கடிதம், விசாவுக்கான வாக்குமூலம் என்று ஊரார் எழுதிக்கொண்டு வருவதைத் திருத்திக் கொடுப்பேன். எல்லாரும் என்னை டீச்சர் என்பார்கள். நான் எந்தப் பள்ளிக்கூடத்திலும் படிப்பித்ததில்லை, ஆனால் அந்தப் பெயரை வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

எங்கள் ஆட்களுக்கு ஆங்கிலச் சொற்கள் தெரியும். எந்தச் சொல் எந்தச் சொல்லோடு சேரும் என்பதுதான் தெரியாது. தமிழில் மழை பெய்யும், காற்று வீசும், வெயில் எறிக்கும். மழை வீசியது, காற்று பெய்தது என்று ஒருவர் எழுதினால் கருத்து விளங்கும், ஆனால் ஆள் அந்நியம் என்பதும் அந்தக் கணமே விளங்கிவிடும். ஆங்கிலத்திலும் அப்படித்தான். 'பிக் ரெயின்' என்று எழுதிக்கொண்டு வருவார்கள், நான் 'ஹெவி ரெயின்' ஆக்குவேன். இதற்காகவே ஒரு தடித்த கொப்பி வைத்திருந்தேன். இடப்பக்கத்தில் அவர்கள் எழுதும் கோணல் சோடிகள், வலப்பக்கத்தில் இயல்பான சோடிகள். நாளாக ஆக வலப்பக்கத்தில் முழு வசனங்களும் சேர்ந்துவிட்டன. யார் வந்தாலும் அவற்றில் பொருத்தமானதைத் தூக்கிப் போட்டுவிடுவேன். அரை மணித்தியாலத்தில் வேலை முடிந்துவிடும்.

கல்குடாவிலிருந்து அந்தப் பெண் வந்தது ஒரு மாரி காலத்தில். இருபத்தாறு, இருபத்தேழு வயதிருக்கும். புருஷன் வெளிநாட்டில் ஒரு உணவகத்துச் சமையலறையில் வேலை. லீவில் வந்து அவளைக் கலியாணம் முடித்து, இரண்டு மாதம் கூட இருந்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டான். அவனிடம் போய்ச் சேர அவளுக்கு விசா வேண்டும். அதற்கு, கலியாணம் உண்மையானது என்று காட்ட, எங்கே சந்தித்தோம், எப்படி முடித்தோம், முடித்த பிறகு எங்கே வாழ்ந்தோம் என்று அவளே எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும். நாலு பக்கம் தன் கையால் ஆங்கிலத்தில் எழுதி, நனையாமல் பொலித்தீன் பையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள்.

"கம்பஸ் படிச்ச ஆக்களிட்டக் குடுத்தா மாத்திப்போடுவாங்க எண்டு நானே எழுதினன், டீச்சர். பிழை இருந்தாத் திருத்தித் தாங்க."

பிழை இருந்தால் என்றாள். அந்த நாலு பக்கத்தில் பிழையைத் தவிர வேறென்ன இருந்தது என்று அன்று நினைத்தேன். தமிழை அப்படியே சொல்லுக்குச் சொல் ஆங்கிலத்தில் இறக்கியிருந்தாள். கலியாணத்தன்று மழை பெரிதாகச் செய்ததாம். புருஷன் அவளுடைய வீட்டுக்கு வந்து இரண்டு மாதம் இருந்தான் என்பதற்கு, உட்கார்ந்தான் என்று பொருள்படும் 'சாட்' என்ற சொல்லைப் போட்டிருந்தாள், இரண்டு மாதமும் மனிதன் கதிரையை விட்டு எழும்பாமல் குந்தியிருந்த மாதிரி. அவள் எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே அந்த வரியைப் படமெடுத்து, ஹோட்டலில் கூட வேலை செய்த கூட்டாளிகளின் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பினேன். பதிலுக்குச் சிரிப்புப் படங்கள் வந்து குவிந்தன. நானும் சிரித்தேன். ஏன் சிரிக்கிறேன் என்று தெரியாமல் அவளும் கூடச் சிரித்தாள்.

பிறகு திருத்தத் தொடங்கினேன். மழையைக் கனமாக்கினேன். குந்தியிருந்த புருஷனைத் தூக்கிவிட்டு, கொப்பியின் வலப்பக்கத்திலிருந்து என் அழகான வசனம் ஒன்றை அந்த இடத்தில் வைத்தேன். திருமணத்துக்குப் பின் நான் என் கணவரின் வீட்டுக்குக் குடிபெயர்ந்து அவருடைய குடும்பத்தோடு வாழ்ந்தேன் என்பது அதன் அர்த்தம். ஆங்கிலத்தில் அது எண்ணெய் பூசியது போல வழுக்கிக்கொண்டு போகும். வடக்கிலிருந்து வந்திருந்த, புருஷன் வீட்டில் வாழ்ந்த ஒரு பெண்ணுக்காக முதலில் எழுதியது, பிறகு பலருக்கும் போட்டுக் கொடுத்திருந்தேன்.

இங்கே எங்கள் பக்கத்தில் பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவான். பெண் பிள்ளைக்கு வீடு கட்டி வைக்காமல் யாரும் கலியாணம் பேசுவதில்லை. தமிழரிலும் முஸ்லிம்களிலும் அதுதான் வழக்கம். இது தெரியாமல் நான் என்ன வானத்திலிருந்தா வந்தேன்? நான் உட்கார்ந்து எழுதிய வீடே எனக்குச் சீதனமாக வந்த வீடு. என் புருஷன் ஒரு சூட்கேசோடு இந்த வாசலுக்கு வந்தவர், அந்த நேரம் பின் வளவில் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தார். ஆனால் ஆங்கிலம் எழுதும்போது எனக்கு ஊர் நினைவில் இருக்காது. வசனம் வழுக்கிப் போகிறதா என்பது மட்டும்தான் கணக்கு.

அவளுக்கு ஆங்கிலத்திலேயே வேகமாக ஒரு முறை வாசித்துக் காட்டினேன். "நல்லா இரிக்கி டீச்சர்" என்று சொல்லிக் கையெழுத்து வைத்தாள்.

விசா நேர்முகத்துக்குக் கொழும்பில் தூதரகத்துக்குப் போய்வந்த மறுநாளே என்னிடம் வந்துவிட்டாள். முகம் சரியில்லை.

"முடிச்ச பொறகு எங்க இருந்தீங்க எண்டு கேட்டாங்க, டீச்சர். எங்கட ஊட்டுலதான், அவர் அங்கதான் வந்தவர் எண்டு சொன்னன். திருப்பியும் அதையே கேட்டாங்க. ரெண்டு தரம். நான் என்னவும் பிழையாச் சொல்லிட்டனா?"

எனக்கு அந்தக் கணத்திலேயே விளங்கிவிட்டது. அன்றைக்கே தூதரகத்துக்கு ஒரு கடிதம் போட்டிருக்கலாம். எழுதிக் கொடுத்தவர் விட்ட பிழை, எங்கள் பக்கத்து வழக்கம் இது என்று ஒரு பந்தி போதும், கீழே என் பெயரும் கையெழுத்தும். என் கையெழுத்துத்தான் எனக்குத் தடையாக நின்றது. திருத்துகிறவளே பிழை விட்டாள் என்று நாவற்குடா முழுக்கக் கதை பரவினால் என்னிடம் யார் வருவார்கள்? "ஒண்டுமில்ல புள்ள, அவங்க அப்படித்தான் கேப்பாங்க. பயப்படாதீங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

மறுப்புக் கடிதம் வந்தபோது பிரிக்காமலே என்னிடம் கொண்டுவந்தாள். காரணம் தெளிவாக இருந்தது. கணவரின் வீட்டில் வாழ்ந்ததாக வாக்குமூலம், தன் வீட்டில் வாழ்ந்ததாக வாய்ப்பேச்சு, ஆகவே இவர்கள் சேர்ந்து வாழ்ந்தார்கள் என்பதை நம்ப முடியாது.

"நீங்க அங்க மாறிச் சொல்லிட்டீங்க எண்டு எழுதியிருக்கு" என்றேன்.

பொய் என்றும் சொல்ல முடியாது. பாதியை மொழிபெயர்த்துவிட்டு மறுபாதியை விழுங்கிவிட்டேன். அவள் அழவில்லை. போனில் புருஷனை எடுத்து, டீச்சர் வாசிச்சவ, கேளுங்க என்று என் கையில் தந்தாள். அவன் களைத்த குரலில் கேட்டான்.

"எங்க இருந்தம் எண்டு கூடச் சொல்லத் தெரியாமப் போச்சா, டீச்சர், அவவுக்கு?"

"பயத்துல தடுமாறிட்டாங்க தம்பி" என்றேன். அவள் எனக்கு முன்னால்தான் நின்றாள். நான் சொன்னதை ஒப்புக்கொண்டு தலையை ஆட்டினாள்.

தன் கையால் எழுதிய அந்த நாலு பக்கத்தையும் திருப்பிக் கேட்டாள். எறிந்துவிட்டேன் என்றேன். அவை மேசை இழுப்பறையில்தான் இருந்தன. அவள் போன பிறகு எடுத்து வாசித்தேன். நேர்முகத்தில் அவள் சொன்னதும் அந்தக் கோணல் ஆங்கிலத்தில் இருந்ததும் ஒரு மயிரிழை கூட மாறவில்லை. அப்படியே அனுப்பியிருந்தால் அவள் இந்நேரம் அவனோடு இருந்திருப்பாள். பக்கங்களைக் கிழித்து, பின் வளவில் குப்பையோடு சேர்த்துக் கொளுத்தினேன். அன்று எனக்கு அழுகை வரவில்லை, பயம்தான் வந்தது.

இரண்டாம் முறை விண்ணப்பிக்க அவன் விரும்பவில்லை. முதலில் நாள்தோறும் போன் எடுத்தானாம், பிறகு கிழமைக்கொரு தரம், பிறகு அவள் எடுத்தால் மட்டும். இதெல்லாம் அவள் சொல்லித்தான் தெரியும். அவள் என்னைத் தேடி வருவதை விடவில்லை. வரும்போது பாணோ மீனோ ஏதாவது கொண்டுவருவாள். நான் வாங்கிக்கொள்வேன்.

போன ஆவணியில் இன்னொரு கடிதத்தோடு வந்தாள். அவனுடைய வழக்கறிஞர் அனுப்பியது. விவாகரத்துக்குச் சம்மதம் கேட்டிருந்தார்கள். வாசித்து விளங்கப்படுத்தினேன், இம்முறை ஒரு சொல்லையும் விழுங்காமல். அவள் நகத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"அண்டைக்கு நான் ஒழுங்காச் சொல்லியிருந்தா இது வந்திருக்காதுதானே, டீச்சர்?"

சொல்வதற்கு அது கடைசித் தருணம். வீட்டில் வேறு யாரும் இல்லை, அவளும் நானும்தான்.

"ஓம்" என்றேன்.

கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தாள். பிறகு, சம்மதம் என்று பதில் எழுதித் தரச் சொன்னாள்.

"நான் எழுதினாக் கோணலாப் போகும். நீங்க எழுதுங்க. அண்டைக்கு மாறிச் சொன்னதுக்கு அவரிட்ட மன்னிப்பும் கேட்டு எழுதுங்க, டீச்சர்."

மன்னிப்புக் கேட்பதற்கு ஆங்கிலத்தில் எந்தச் சொல்லோடு எந்தச் சொல் சேரும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். எழுதி அச்செடுத்து அவள் முன்னால் வைத்தேன். அவள் கையெழுத்து வைத்தாள்.