பேரிக்காய்க்கு மோர்

சிதம்பரம் ஹாஸ்டல்ல இருக்குற பொண்ணு, திங்க இனிப்பு வத்தல் வேணும்னு ஆசையா கேட்டாளேன்னு, காலையில அஞ்சு மணிக்கே பேரிக்காயை மெல்லிசா சீவி ஓவன்ல காய வெச்சேன். சின்ன சூட்டுல ஆறு மணி நேரம் ஆகும்.

நாலாவது மணி நேரத்துல தூக்கம் தாங்க முடியல. வடலூர்லேருந்து வந்திருக்குற நாத்தனார்கிட்ட, "கொஞ்சம் பாத்துக்குங்க அண்ணி"ன்னு சொல்லிட்டுப் படுத்தேன்.

எழுந்து வந்து ஒரு துண்டை வாயில போட்டா, ஒரே உப்பு. புளிப்பு வேற.

"வத்தல்னா மோர்ல உப்பு போட்டு ஊற வெக்க வேணாமா? நீ மறந்துட்ட. நான்தான் முக்கி எடுத்து, திரும்ப உள்ள வெச்சேன்."



இப்ப போன்ல என் பொண்ணுகிட்ட சொல்லிட்டிருக்காங்க: "உங்கம்மா உப்பையே மறந்துட்டா. நல்லவேளை, நான் இருந்தேன்."

உங்க வீட்லயும் இப்பிடி ஒரு நல்லவேளை இருக்காங்களா?