தாழ்ப்பாள்

1991-இல் ஒரகடத்தில் எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு நேபாளத்துப் பெண் குடியிருந்தாள். மூக்கில் பெரிய தங்கப்பூ. தன் ஊர்க்காரனே என்றாலும் வேறு சாதிக்காரனான ஒருவனை விரும்பி, அவனோடு ஊரை விட்டு ஓடி வந்தவள்; அவன் இங்கே கம்பெனி வாட்ச்மேன். சிங்கப்பெருமாள் கோவில் ரயிலடியிலிருந்து பஸ் வந்து நின்றாலே கதவைத் தாழிட்டுக்கொள்வாள்.

தீபாவளி முடிந்த கையோடு வாடாமல்லி மாலை கட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு அக்ரூட் கொட்டை.

"இன்னாம்மா விசேஷம்?"

"நாளைக்கு அண்ணனுக்குப் பொட்டு வைக்கிற நாள். அண்ணன் வந்தா வாசப்படியில இதை உடைக்கணும். அப்புறம் எமன் அவர்கிட்ட வராது."

"உங்கண்ணன் வர்றாரா?"

"எங்களைத் தேடுது. கத்தி வெச்சிருக்கு."

எனக்கு எரிச்சலாக வந்தது. "வெட்ட வர்றவனுக்கு மாலை ஒரு கேடா?"

"அண்ணன்தானே. நல்லா இருக்கணும்."

மறுநாள் சாயங்காலம் அவள் வீட்டுக் கதவு விரியத் திறந்து கிடந்தது. உள்ளே யாருமில்லை. வாசற்படியில் அக்ரூட் ஓடுகள் சிதறியிருந்தன. கதவிலோ தாழ்ப்பாளிலோ ஒரு கீறல்கூட இல்லை, அவளேதான் திறந்திருக்கிறாள்.