விலை இறங்கிய முழங்கால்

பிசியோதெரபி என்பது, வீட்டில் செய்யப்போவதில்லை என்று ஏற்கெனவே முடிவெடுத்துவிட்ட ஆட்களுக்கு, வீட்டில் செய்யவேண்டிய பயிற்சிகளைச் சிரித்த முகத்தோடு சொல்லிக்கொடுக்கிற தொழில். முழங்கால் வைத்திருக்கிற வாசகர்கள் எல்லாருக்கும் இது தெரியும். நீங்களும் என்னைப் போன்ற யாரோ ஒருத்தியிடம் "ஓம், ஒவ்வொரு நாளும் செய்யிறனான்" என்று பொய் சொன்னவர்கள்தானே.

அமெரிக்காவுக்கு வடக்கே, தமிழர் நிறைந்த மில்லிக்கனில் ஒரு பிளாசாவில், சேலைக்கடைக்கும் கொத்துரொட்டிக்கடைக்கும் நடுவில் என் கிளினிக் இருக்கிறது. வழக்கமாக வருவது கார் விபத்தில் பிரண்ட கழுத்துகளும் தொழிற்சாலையில் வளைந்த முதுகுகளும். இங்கே எழுதுவது அந்த வகையில் சேராத ஒரு முழங்காலைப் பற்றி. அதன் சொந்தக்காரனிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். அவன் போட்ட ஒரே நிபந்தனை, தன் உயரத்தைக் குறைத்து எழுதக்கூடாது என்பது.

கட்டில் காணாது

நிரோஷன் பக்கத்து ஊரான அஜக்ஸில் வளர்ந்த பொடியன். ஆறடி எட்டங்குலம். அப்பா ஜெயம் அண்ணையும் அம்மா பவானி அக்காவும் என் தோளுக்குத்தான் வருவார்கள். இந்த உயரம் எங்கிருந்து வந்ததென்று இரண்டு பக்கத்துச் சொந்தங்களும் இன்னும் வாதாடுகின்றன. அவன் அமெரிக்காவில் ஒரு கல்லூரி அணிக்குக் கூடைப்பந்து ஆடிக்கொண்டிருந்தான். அங்கே பெரிய லீக்கின் அணிகள் வருசத்துக்கு ஒருமுறை, ஆனி மாதத்தில், முறை வைத்து இளம் ஆட்டக்காரரைத் தெரிவு செய்யும். அதற்கு ட்ராஃப்ட் என்று பெயர். இரண்டே இரண்டு சுற்று. முதல் சுற்றில் பெயர் வந்தால் வாழ்க்கை அமைந்த மாதிரி. இரண்டாவதில் வந்தால் வாசல் திறந்த மாதிரி. நிரோஷன் முதல் சுற்றில் போவான் என்று இணையத்தில் எல்லாரும் எழுதிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கார்த்திகையில், ஒருவரும் முட்டாமல், தானே பாய்ந்து தானே இறங்கியபோது, இடது முழங்காலுக்குள் இருக்கிற முக்கியமான நார் அறுந்துவிட்டது.

அங்கேயே வெட்டித் தைத்துவிட்டு, தேறுவதற்கு வீட்டுக்கு வந்தான். முதல் நாள் என் கட்டிலில் படுக்கவைத்தபோது கெண்டைக்கால் பாதியும் பாதங்களும் வெளியே நின்றன. ஒரு கதிரையை முட்டுக்கொடுத்தேன். அதுவும் நீளம் காணாமல் பவானி அக்கா பாதங்களை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். இந்தக் காயம் வடிவாக ஆற ஒன்பது மாதமாவது வேண்டும், ட்ராஃப்டோ ஏழு மாதத்தில் வருகிறது என்று நான் விளக்கினேன். நிரோஷன் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். பவானி அக்கா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவன் பெருவிரலைப் பார்த்துச் சொன்னார்: "டொக்டருக்குப் படியெடா எண்டு சொன்னனான். டொக்டர் வேலைக்கு முழங்கால் தேவையில்லை."

கூரையோ, அத்திவாரமோ

ஜெயம் அண்ணைதான் மகனைக் காரில் ஏற்றிக்கொண்டு வருவார். மகன் உள்ளே வியர்த்துக்கொண்டிருக்க, அவர் வெளியே இருந்து போனில், யார் யாரை எந்த அணி எடுக்கும் என்று ஆட்கள் ஊகித்து எழுதுவதை வாசிப்பார். நிரோஷனுடைய பெயர் முதல் சுற்றின் நடுவிலிருந்து அடிக்கு வந்தது. பிறகு இரண்டாவது சுற்றுக்கு வந்தது. கிழமைக்குக் கிழமை இவருடைய முகமும் அதோடு சேர்ந்து இறங்கியது. அவன் எழுந்து நடந்த நாளில் மூன்று இடம் இறங்கினான். ஊன்றுகோலை விட்ட நாளில் இன்னும் இறங்கினான். முழங்கால் தேறத் தேற மதிப்பு ஏன் குறைகிறதென்று அவர் ஒருநாள் உள்ளே வந்து என்னிடம் கேட்டார். எனக்குத் தெரியவில்லை என்றேன்.

திரைக்கு அந்தப் பக்கத்துக் கட்டிலில் தோள் இறுகிப்போய்ப் படுத்திருந்த சிவா அண்ணைக்குத் தெரிந்திருந்தது. அவர் வீடு வாங்கி விற்கிற ஏஜென்ட். திரையை விலக்காமலே தொடங்கிவிட்டார். ஊரில் எல்லாரும் ஒரு வீட்டைப் பார்த்துவிட்டு வாங்காமல் போனால், அந்த வீட்டில் ஏதோ இருக்கிறதென்று அடுத்தவன் நினைப்பான், அதுதான் இங்கேயும் நடக்கிறது, கவலைப்படத் தேவையில்லை, கூரை ஒழுகுகிற வீடுகளை எத்தனை தரம் நல்ல விலைக்கு விற்றிருக்கிறேன், அத்திவாரம் வெடித்திருந்தால்தான் ஒன்றும் செய்யமுடியாது என்றார். ஜெயம் அண்ணை ஒரு கதிரையைத் திரைக்குக் கிட்ட இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். பிறகு திரையைப் பார்த்து மிகவும் பணிவாகக் கேட்டார்: "அப்ப முழங்கால் கூரையோ தம்பி, அத்திவாரமோ?"

முதுகுவலி

மாசி மாதத்தில் ஒரு வெள்ளைக்காரர் வந்தார். நல்ல கோட், நல்ல சப்பாத்து, கையில் பக்கத்துக் கடையில் வாங்கிய மட்டன் ரோல்ஸ் பை. முதுகு நோகிறதாம். எங்கள் பிளாசாவுக்கு முதுகு நோகிற வெள்ளைக்காரர் சும்மா வருவதில்லை. எந்த இடத்தில் நோகிறது என்று கேட்டால், நிரோஷன் படி ஏறி இறங்குகிற மூலையைப் பார்த்துக்கொண்டே "எல்லா இடமும்" என்கிறார். நிரோஷன் என்னைக் கூப்பிட்டு, தமிழில், மெதுவாகச் சொன்னான், உவர் ஒரு அணிக்காக ஆட்டக்காரரை வேவு பார்க்கிறவர், ஸ்கவுட், மட்ச்சுகளில் கண்டிருக்கிறேன் என்று. அவன் அந்த முழங்காலைக் கையால் மறைத்ததைக் கண்டதும் எனக்கு வந்த கோபத்துக்கு அந்த மனிசனை வாசலால் தள்ளியிருக்கவேண்டும்.

ஆனால் நோகிறது என்று வந்தவரைத் தள்ள எனக்கு மனம் வராது. குப்புறப் படுக்கவைத்தேன். கட்டிலில் முகம் வைக்கிற ஓட்டைக்குள்ளால் நிலத்தைத் தவிர வேறொன்றும் தெரியாது. முதுகில் கை வைத்தபிறகுதான் பார்த்தேன், மனிசன் பொய் சொல்லவில்லை. ஊர் ஊராக விமானத்தில் மடங்கி, கோர்ட்டுகளின் மரவாங்கில் குந்தியிருந்து, முதுகு பலகை மாதிரி இறுகிக் கிடந்தது. பத்து நிமிசத்தில் குறட்டை விட்டார். நிரோஷன் ஆறுதலாகப் பயிற்சியை முடித்துவிட்டு அவரைத் தாண்டி வெளியே போனான். எழும்பியபோது அவர் மூலையைப் பார்த்தார், பிறகு கழுத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார், பிறகு சொன்னார்: "போயிட்டானா? பரவாயில்லை. வியாழக்கிழமை எனக்கு ஒரு நேரம் தர முடியுமா?"

வலது கால்

பவானி அக்கா நேர்த்திக்கடன் வைத்திருந்தார். ஆகவே நிரோஷனை றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். நிலத்தில் சப்பாணி கட்டி இருக்கக்கூடாது என்று நான் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். அதனால் ஒரு பிளாஸ்டிக் கதிரை கொடுத்தார்கள். அந்தக் கதிரையில் அவன் இடது காலை நீட்டி, வலது காலைத் தனக்குக் கீழே செருகி, பூசை முடியும்வரை அசையாமல் இருந்தான். எழும்பியபோது வலது கால் விறைத்துப்போயிருந்தது. தூணைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி வெளியே வந்தான். இவ்வளவு உயரமான தமிழ்ப் பிள்ளையைக் கண்ட சந்தோசப் புளுகத்தில் யாரோ ஒரு அன்ரி அதை வீடியோ எடுத்து, எல்லாரும் பார்க்கட்டும் என்று இணையத்தில் போட்டுவிட்டார்.

அவர்கள் 401 நெடுஞ்சாலை பிடித்து அஜக்ஸுக்குப் போய்ச் சேர்வதற்குள் அவனுக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டதென்று அமெரிக்கா முழுக்கச் செய்தி. இரண்டாவது சுற்றிலிருந்தும் பெயரை எடுத்துவிட்டார்கள். அணிகளோடு அவனுக்காகப் பேசுகிற ஏஜென்ட் அமெரிக்காவிலிருந்து எனக்குப் போன் எடுத்தார். காலில் ஒன்றுமில்லை, விறைத்ததுதான் என்று நான் சொல்ல, எதனால் விறைத்தது என்று கேட்டார். பூசை என்றேன். எவ்வளவு நேரம் என்றார். இரண்டு மணித்தியாலம் இருக்கும் என்றேன். மறுபக்கத்தில் அவர் அதை எழுதிக்கொள்வது கேட்டது. கடைசியில் அவர் கேட்டார்: "அடுத்த பூசையை ட்ராஃப்ட் முடியும்வரை தள்ளிவைக்கச் சொல்லி யாரிடம் கதைக்கவேண்டும்?"

பார்க்கிங்

வெயில் வந்தபோது முழங்கால் நன்றாகத்தான் இருந்தது. தொடையில் பலம் திரும்பிவிட்டது. அவனுடைய டொக்டரும் பாயலாம் என்று சொல்லிவிட்டார். ஆனால் பாய்ந்து இறங்கும்போது, கடைசிக் கணத்தில், உடம்பு முழுவதையும் வலது பக்கம் சரித்துவிடுவான். இடது காலை நிலத்தில் ஊன்ற அவனுக்குப் பயம். "கால் சரியெண்டு எனக்குத் தெரியும் அன்ரி, பட் இட் வோண்ட் லிசின், சொல்லுக் கேக்குதில்லை" என்றான் ஒருநாள். சொல்லிவிட்டு முகத்தைத் துவாயால் மூடிக்கொண்டான். துவாய் நனைந்தது வியர்வையாலா என்று நான் கேட்கவில்லை. என் தொழிலில் அதற்கு ஒரு மெஷின் இல்லை.

என் கிளினிக்கின் கூரை உயரம் அவன் பாய்வதற்குக் காணாது. ஆகவே பிளாசாவின் பின்பக்கப் பார்க்கிங்கில் நின்று பழகினோம். அன்றைக்கும் வழக்கம்போல வலது காலில் இறங்கிக்கொண்டிருந்தான். ஒரு வெள்ளி நிற வான், கண்ணாடியைப் பார்க்காமல், அவனை நோக்கிப் பின்னுக்கு வந்தது. நான் கத்தினேனா என்று ஞாபகமில்லை. அவன் இடது காலால் உதைத்துப் பாய்ந்து, அப்படியே இடது காலில், ஒற்றைக் காலில் இறங்கி, சிலை மாதிரி நின்றான். நான் ஓடிப்போய் முழங்காலைப் பிடித்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை. அவன் குனிந்து தன் காலையே பார்த்தான். பிறகு இன்னொருமுறை பாய்ந்து அதே காலில் இறங்கினான். பிறகு இன்னொருமுறை. நான் போய், நின்றிருந்த வானின் கண்ணாடியைத் தட்டினேன். வானுக்குள் இருந்த எழுபது வயது அம்மா கண்ணாடியை இறக்கி அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, நீர் உயரம் எண்டபடியாத்தான் கண்டனான். கட்டையெண்டால் இடிச்சிருப்பன்."

சும்மா இருப்பவன்

வைகாசியில் எல்லா இளம் ஆட்டக்காரரையும் ஒரு நகரத்துக்குக் கூப்பிட்டு, அணிக்காரர் முன்னால் ஆடவிடுவார்கள். நிரோஷனும் போனான், ஆனால் ஒன்பது மாதம் முடியாததால் ஆட அனுமதியில்லை. புதிதாகத் தைத்த கோட்சூட்டுடன் வாங்கில் இருந்தான். அங்கே ஆடியவர்களில் பாதிப்பேர் பதற்றத்தில் பந்தை எங்கேயோ எறிந்தார்கள். ஒருவன் இரண்டு நாளும் ஒரு பந்தும் கூடைக்குள் போடவில்லை. அவர்கள் பெயரெல்லாம் கீழே போக, ஒன்றும் செய்யாத நிரோஷனுடைய பெயர் இரண்டாவது சுற்றுக்குத் திரும்பி வந்து, அதற்குள் மேலேயும் ஏறியது. திரும்பி வந்தபோது அவன் வெட்கப்பட்டான். ஜெயம் அண்ணை வெட்கப்படவில்லை. மாதக்கணக்கில் இறங்கியிருந்த முகம் அன்றைக்குத்தான் நிமிர்ந்தது: "நீ இன்னும் கொஞ்சநாள் ஒண்டும் செய்யாமல் இரு, தம்பி. முதல் சுற்றுக்கே போயிடுவாய்."

விலகுவதா, நிற்பதா

அதற்குப் பிறகும் ஒரு முடிவு இருந்தது. ட்ராஃப்டிலிருந்து விலகி இன்னொரு வருசம் கல்லூரியில் ஆடலாம். அதற்கு ஒரு கடைசி நாள் வைத்திருந்தார்கள். விலகச் சொன்னார் கல்லூரிப் பயிற்சியாளர். நிற்கச் சொன்னார் ஏஜென்ட். சந்தை ஏறும்வரை பொறுக்கச் சொன்னார் சிவா அண்ணை, இம்முறை திரையை விலக்கிவிட்டே. பவானி அக்கா பல் டொக்டர் படிப்பைப் பற்றி விசாரித்து வைத்திருந்தார். கடைசி நாள் காலையில் அவன் வந்து எந்தப் பக்கம் போவதென்று சொல்லாமல் பயிற்சியைத் தொடங்கினான். நீ என்ன நினைக்கிறாய் என்று நான் கேட்டேன். அதுவரை ஒருவரும் அதை அவனிடம் கேட்டிருக்கவில்லையாம். அவன் சொன்னது இவ்வளவுதான்: "அடுத்த வருசமும் உந்த முழங்கால்தானே அன்ரி இருக்கப்போகுது?"

மூன்று ஊர்

முதல் சுற்று நடந்த நாள் அவன் பெயர் வரவில்லை. அடுத்த நாள் இரண்டாவது சுற்றுக்கு நானும் அஜக்ஸில் அவன் வீட்டுக்குப் போனேன். ஹோல் நிறையச் சொந்தக்காரர். ஒவ்வொரு பெயரும் வாசிக்கப்படும்போது எல்லாரும் மூச்சைப் பிடிப்பதும் விடுவதுமாக இருந்தார்கள். நிரோஷன் சோபாவில் இருக்கவில்லை. அது பதிவு என்பதால் சாப்பாட்டு மேசைக் கதிரையில் இருந்தான். சுற்று முடிகிற நேரத்தில், கிழக்குக் கரையில் உள்ள ஒரு அணிக்கு அவன் பெயர் வந்தது. ஜெயம் அண்ணை எழுந்து நின்று, என்ன செய்வதென்று தெரியாமல் ரிவிக்குக் கை கொடுக்கப் போனார். நிரோஷன் இரண்டு கையாலும் இடது முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டான். முதுகு குலுங்கியது. பவானி அக்கா லண்டனில் தங்கச்சியை நித்திரையால் எழுப்பி அந்த ஊரின் பெயரைச் சொல்லி முடிக்கவில்லை, அந்த அணி அவனை இன்னொரு அணிக்கு மாற்றிவிட்டதாக ரிவி சொன்னது. அவர் ஊரைத் திருத்திச் சொன்னார். கேக் வெட்ட முதல், அந்த அணி அவனை மூன்றாவது ஒன்றுக்குக் கொடுத்துவிட்டது. அங்கே பாலைவனமாம்.

இரண்டு அணி தன் பிள்ளையை வேண்டாமென்றுவிட்டதென்று ஜெயம் அண்ணை முகம் கறுத்தார். நிரோஷன் எழும்பி அவர் தோளைச் சுற்றிக் கையைப் போட்டு, அப்பா, மூன்று அணி என்னுடைய ஸ்கானைப் பார்த்துவிட்டும் வாங்கியிருக்கிறது என்றான். அவர் அதை யோசித்துப் பார்த்து மெல்லச் சிரித்தார். பவானி அக்கா போனைக் காதிலிருந்து எடுக்காமலே லண்டனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்: "கொஞ்சம் பொறடி, ஊரை எழுதாதை. இவங்கள் அவனை வைச்சுப் பந்து விளையாடுறாங்கள்."

முழங்காலை ஒன்பது மாதத்தில் பாயவைக்கப் படித்திருக்கிறேன், அதைச் சுற்றி உட்கார்ந்து விலை பேசுகிறவர்களை எழும்பி வீட்டுக்குப் போகவைக்கத்தான் இன்னும் ஒரு பயிற்சியும் கண்டுபிடிக்கவில்லை.